அலைவும் உந்தமும்: இயற்பியல் கணக்கின் தமிழ் நடை

1. பனுவலாகக் கணக்கு

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொல் தமிழ் வேரினதா, வடமொழியினதா, ஒலிபெயர்ப்பா என்னும் வினாவுக்கு விடை கண்டவுடன் ஆய்வு முடிந்ததாகக் கருதப்படுகிறது. அச்சொல் வாக்கியத்துள் புகுந்து என்ன செய்கிறது, வாக்கியம் தொடர்ந்து செல்லுகையில் படிப்பவர் எதனை எந்த வரிசையில் புரிந்துகொள்கிறார் என்பன அரிதாகவே கேட்கப்படுகின்றன. இவ்வினாக்களை எழுப்புவதற்கு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் கணக்கு மிகவும் ஏற்ற பனுவலாகும். நான்கைந்து வரிகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, சில எண்களைத் தந்து, ‘காண்க’, ‘கணக்கிடுக’ என்னும் வியங்கோளில் முடியும் பனுவல் அது. கவிதையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அதற்கு வேறொரு பொருள் கண்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்கு அவ்வசதி இல்லை. பிழை ஓர் எண்ணாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்புத் திறனாய்வாளருக்கு இத்தகைய சான்று வேறு துறைகளில் எளிதில் கிடைப்பதன்று.

அலைவு, உந்தம் ஆகிய இரு பாடப்பகுதிகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆடுதலும் தள்ளுதலும் அன்றாட மொழியில் வேரூன்றிய செயல்கள். ஆகவே அன்றாடப் பொருளும் கலைச்சொற் பொருளும் மோதும் இடங்கள் இங்கு மிகுதி. மேலும், மோதிய பொருள் பின்னர் ஆடத் தொடங்கும் கணக்குகளில் உந்தமும் அலைவும் ஒரே பனுவலில் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே தமிழ்த் தொடரமைப்பின் இயல்பே கணக்கிடுவோரை ஒரு பக்கம் இழுத்துச் செல்வதைக் காணலாம். இங்கு எடுத்துக்காட்டாக வரும் கணக்குகள் பாடநூல்களில் வழங்கும் நடையையொட்டி அமைக்கப்பட்ட மாதிரிகள்.

2. எல்லையில் இரு சொற்கள்

அதியன்னூர், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள ஊராட்சி. (பெயரைக் கேட்டவுடன் தமிழ் படித்தவர் அதியமானை நினைத்தல் இயல்பு, ஊர்ப்பெயராய்வில் ஒலியொப்புமையை மட்டும் நம்பும் அவ்விரைவு கூடாது.) 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஆட்சிக்காக இழுக்கப்பட்ட அக்கோடு பின்னர்க் கலைச்சொற்களின் எல்லைக்கோடாகவும் ஆயிற்று. 1961இல் மைய அரசு நிறுவிய அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் வடமொழி வேர்களை முதன்மையாகக் கொண்டது. 1968இல் தொடங்கப்பெற்ற கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் மலையாளத்தில் உயர்கல்வி நூல்களை வெளியிட்டது. இன்று மலையாளப் பாடநூல் பேசும் த்வரணம், ப்ரவேகம், ஜடத்வம், தோலனம், ஆயதி, ஆவ்ருத்தி ஆகியவற்றைத் தமிழ்நாட்டுப் பாடநூல் முறையே முடுக்கம், திசைவேகம், நிலைமம், அலைவு, வீச்சு, அதிர்வெண் என்கிறது. சாலையில் சில கிலோமீட்டர் கடந்தால் ஒரே ஊசல் வேறு பெயரில் ஆடுகிறது.

இவ்வடமொழி வரிசையில் ஒரு சொல் மட்டும் தனித்து நிற்கிறது. தமிழ் ‘உந்தம்’ என்பதற்கு மலையாளம் வழங்குவது ‘ஆக்கம்’. அது திராவிட வேரினது. மலையாளச் செய்தி நடையில் ஒரு முயற்சிக்கு ‘ஆக்கம் கூட்டுக’ என்றால் அதனை விரைவுபடுத்துதல் என்று பொருள். தமிழில் ஆக்கம் என்பது படைப்பு, செல்வம், உயர்வு என்னும் பொருள்களிலேயே வழங்குகிறது. ஆகவே இருமொழிச் சூழலில் வளரும் அதியன்னூர் மாணவருக்கு ஆக்கம் என்னும் சொல்வடிவம் இரு மொழிகளிலும் தெரியும். பொருள் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறாது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. ‘உந்து’ என்னும் வினை இன்றைய தமிழ்ப் பேச்சில் அரிது. ‘தள்ளு’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேருந்து, உந்துவிசை போன்ற ஆக்கச்சொற்களில் மட்டுமே உந்து தங்கியிருக்கிறது. மலையாளத்தில் ‘உந்துக’ என்பது நாள்தோறும் வழங்கும் வினை. தள்ளுவண்டி அங்கே உந்துவண்டி. தமிழ்ப் பாடநூலின் கலைச்சொல்லுக்கு உயிருள்ள வேர் எல்லைக்கு வடக்கேதான் மிகுதியாக இருக்கிறது என்று சொல்லலாம். இரு நூல்களும் சொற்களை மாற்றிக்கொண்டிருந்தால் இரு பக்கத்து மாணவரும் பயன் பெற்றிருப்பரோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் வேர் உயிரோடிருப்பதே இடராகவும் முடியும். தள்ளுதலை நினைவூட்டும் சொல், தள்ளும் விசையையே உந்தம் என எண்ணச் செய்யும். ஓடும் பொருளுக்குள் ஒரு தள்ளல் தங்கியிருந்து அதனை நகர்த்துகிறது என்னும் எண்ணம் இடைக்கால ஐரோப்பிய அறிஞரிடமும் இருந்தது. இன்றும் பல நாட்டு மாணவரிடம் அது காணப்படுவதாக இயற்பியல் கல்வி ஆய்வுகள் காட்டியுள்ளன. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை ‘இயக்கத்தின் அளவு’ என்றே வரையறுத்தார். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது அளவுதானே ஒழியத் தள்ளல் அன்று. தமிழாக்கியோர் அப்பழைய பெயரை நோக்கியிருந்தால் ‘இயக்க அளவு’ என்னும் தெளிவான தொடர் கிடைத்திருக்கும். உந்தம் இன்று நிலைபெற்றுவிட்டது. இனி மாற்றுதல் பயன் தராது. கணக்கை எழுதுவோர் அதன் சாய்வை அறிந்து எழுதுதல் வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று இதனைக் காட்டும். 0.15 கிலோகிராம் நிறையுள்ள பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுவரில் நேராக மோதி, அதே வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் யாது? வேகத்தின் அளவு மாறவில்லை, திசை எதிராயிற்று. ஆகவே மாற்றம் 0.15ஐ 40ஆல் பெருக்க வருவது, அதாவது 6 கிலோகிராம் மீட்டர்/விநாடி. இங்கே மொழிபெயர்ப்பாளர் ‘அதே திசைவேகத்தில் திரும்புகிறது’ என்று எழுதிவிட்டால் வாக்கியம் தனக்குத்தானே முரண்படும். திரும்பிய பொருளுக்கு அதே திசை இருக்க முடியாது. தமிழ்நாட்டு வழக்கின் ‘திசைவேகம்’ இம்முரணைக் காட்டிக்கொடுக்கும் நல்ல சொல். ஈழத்துப் பாடநூல் வழக்கில் ‘வேகம்’ என்பதே திசையோடு கூடியது. திசையற்றதற்கு அங்கே ‘கதி’ என்பர். ஆகவே ‘அதே வேகத்தில்’ என்னும் தொடர் சென்னையில் சரி, யாழ்ப்பாணத்தில் பிழை. தமிழ் ஒன்று, தேர்வு எழுதும் தமிழ் ஒன்றன்று.

3. வீச்சு, அலைவு, நிறை

கலைச்சொல் ஒவ்வொன்றும் தன் துறைக்குள் தனியே உருவாக்கப்படுவதால் விளையும் இடருக்கு ‘வீச்சு’ தெளிவான சான்று. தமிழ்நாட்டு இயற்பியல் நூலில் வீச்சு என்பது அலைவுறும் பொருள் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் செல்லும் பெரும இடப்பெயர்ச்சி. தமிழ்நாட்டுக் கணித நூலின் புள்ளியியல் பகுதியில் வீச்சு என்பது மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. முன்னது நடுவிலிருந்து எல்லை. பின்னது எல்லையிலிருந்து எல்லை. இரண்டையும் படிப்பவர் ஒரே மாணவர். அன்றாடத் தமிழ் புள்ளியியல் பக்கமே சாய்கிறது. கைவீச்சு, வாள்வீச்சு என்பன முழு வீச்சையே குறிக்கும். ஒரு கட்டை 20 செ.மீ. இடைவெளியுள்ள இரு எல்லைகளுக்கிடையே அலைவுறுகிறது என்றால் வீச்சு 10 செ.மீ. எனக் கொள்ள வேண்டியவர் 20 செ.மீ. எனக் கொண்டுவிடுகிறார். சுருள்மாறிலி மீட்டருக்கு 300 நியூட்டன் எனில் ஆற்றல் 1.5 ஜூல், அவருக்கு வருவது 6 ஜூல். வீச்சின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் மாறுவதால் சொல்லில் நேர்ந்த இருமடங்குப் பிழை விடையில் நான்கு மடங்காகிறது. ஈழத்து வழக்கு முன்னதை ‘வீச்சம்’ என்றும் பின்னதை ‘வீச்சு’ என்றும் ஈற்றால் வேறுபடுத்தியது. ஒரே வேரிலிருந்து விகுதியை மாற்றி இரு கருத்துகளைப் பிரித்த இவ்வுத்தி பாராட்டத்தக்கது. மலையாள ‘ஆயதி’க்கு அன்றாடப் பொருள் ஏதும் குறுக்கிடுவதில்லை. வடமொழிச் சொல் புரியாது என்பது பொதுவான குறை. புரியாமையே சில இடங்களில் காப்பாகவும் அமைகிறது என்பதைத் தனித்தமிழ் ஆர்வலர் ஏற்கத் தயங்குவர்.

‘அலைவு’ எண்ணப்படும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ஓணத்தின்போது மரக்கிளைகளில் கட்டப்படும் ஊஞ்ஞால் நெய்யாற்றின்கரைச் சிறாருக்கு நன்கு தெரிந்தது. தமிழின் மஞ்சள் மலையாளத்தில் மஞ்ஞள் ஆவது போல ஊஞ்சல் அங்கே ஊஞ்ஞால் ஆயிற்று. இலக்கியத் தமிழின் ஊசல் இவற்றின் உறவே. மலையாளப் பாடநூலில் பெண்டுலம் என ஒலிபெயர்க்கப்பட்டதைத் தமிழ்ப் பாடநூல் ஊசல் எனக் குறித்தமை நல்ல தேர்வு. எல்லைப்புற மாணவருக்கு அது உடனே விளங்கும். ஆயினும் ஊஞ்சலில் ஓர் ஆட்டம் என்பது எது? முன்னே போவது மட்டுமா, போய்த் திரும்புவதா? பேச்சுமொழி இதனை வரையறுப்பதில்லை. இயற்பியலில் ஓர் அலைவு என்பது போய்த் திரும்பி, புறப்பட்ட இடத்தை அதே திசையில் மீண்டும் அடைதல். ‘விநாடி ஊசல்’ என்னும் பெயரில் இம்மயக்கம் உச்சத்தை எட்டுகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி கொள்வதால் அதற்கு அப்பெயர். அதன் அலைவுக் காலமோ 2 விநாடி. பெயரை நம்பி 1 விநாடி எனக் கொண்டவர் ஊசலின் நீளத்தை ஏறத்தாழ 24.8 செ.மீ. என்பார், உண்மையான நீளம் 99.4 செ.மீ. அளவில் இருக்கும். இக்குறை ஆங்கிலப் பெயரிலும் உண்டு. தமிழாக்கியோர் குறையையும் சேர்த்தே மொழிபெயர்த்தனர்.

‘நிறை’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழ்நாட்டில் நிறை என்பது பொருளின் அளவு. அதன்மேல் புவி செலுத்தும் விசை எடை. ஈழத்தில் முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. தொல்காப்பியம் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் பிரித்துப் பேசும் இடத்தில் நிறை என்பது துலாக்கோலில் இட்டு நிறுப்பது. ஈழத்து வழக்கு அப்பழம்பொருளுக்கு அண்மையில் நிற்கிறது. இருவழக்கும் அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குக் கணக்கை எடுத்துச் சென்றால் விடை ஏறத்தாழப் பத்து மடங்கு பிறழும்.

4. எச்சங்களின் வரிசை

சொல்லால் நேரும் பிழையைக் கலைச்சொல் அகராதி ஓரளவு தடுக்கும். தொடரமைப்பால் நேரும் பிழையை எந்த அகராதியும் தடுக்காது.

பின்வரும் மாதிரியைக் காண்க: “10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு ஒன்று விநாடிக்கு 400 மீட்டர் திசைவேகத்தில் சென்று, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டையில் பாய்ந்து, பதிந்து, கட்டையோடு சேர்ந்து உயர்கிறது. உயரத்தைக் காண்க.” பெஞ்சமின் ராபின்சு 1742இல் குண்டின் வேகத்தை அளக்கக் கையாண்ட தாக்கூசலே இக்கணக்கின் மூலம். தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஓட்டமும் அழகானதே. சென்று, பாய்ந்து, பதிந்து, சேர்ந்து என நான்கு வினையெச்சங்கள் ‘உயர்கிறது’ என்னும் முற்றை நோக்கிச் செல்கின்றன. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாக முற்றுவினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும். ஆகவே தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே வினைமுதல், குண்டு. நிகழ்ச்சியும் ஒன்றே போலத் தோன்றும்.

இயற்பியல் இதனை ஒரே நிகழ்ச்சியாகக் கொள்வதில்லை. பாய்வதற்கும் பதிவதற்கும் இடையே மிகக் குறுகிய காலத்தில் ஒரு மோதல் நடக்கிறது. அங்கே உந்தம் மாறாதிருக்க, இயக்க ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவும் மரம் சிதைவதாகவும் போய்விடுகிறது. அதன்பின் ஆடத் தொடங்குவது குண்டு அன்று. 2 கிலோகிராம் நிறையுள்ள புதிய கூட்டுப்பொருள். இவ்வாடலில்தான் இயந்திர ஆற்றல் மாறாதிருக்கிறது. முதற்படியில் 0.01ஐ 400ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் கூட்டுப்பொருளின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். இரண்டாம் படியில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் உயரம் 0.2 மீட்டர், அதாவது 20 செ.மீ. எச்சங்களின் ஓட்டத்தில் இழுபட்டவர் தொடக்கத்திலுள்ள 800 ஜூல் ஆற்றல் முழுவதும் இறுதி உயரமாக மாறியதாகக் கொள்கிறார். அவருக்கு வரும் விடை 40 மீட்டர். தென்னை மரத்தையும் தாண்டிக் கட்டை எழும்பியதாக எழுதிவிட்டு அவர் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவார்.

800 ஜூலில் மோதலுக்குப் பின் எஞ்சுவது 4 ஜூல் மட்டுமே. எஞ்சிய 796 ஜூல் போன இடம் வாக்கியத்தில் ‘பாய்ந்து’ என்பதற்கும் ‘பதிந்து’ என்பதற்கும் நடுவிலுள்ள ஒரு காற்புள்ளி. தமிழ் இலக்கணம் அவ்விடத்தில் நிறுத்துமாறு கேட்பதில்லை. ஆகவே எழுதுபவர் நிறுத்த வேண்டும். ‘குண்டு கட்டையில் பதிகிறது. பதிந்தபின் குண்டும் கட்டையும் சேர்ந்து ஊசலாகி உயர்கின்றன’ என்று முற்றுவினை இரண்டாகப் பிரித்து எழுவாயை மாற்றினால் இரு படிகளும் கண்ணில் படும். நடை சற்று மொட்டையாகும்; அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

வினையெச்சம் படிகளை ஒன்றாக்குகிறது என்றால் பெயரெச்சம் நிகழ்ச்சியையே மறைத்துவிடுகிறது. அடுத்த மாதிரி: “ஒரு முனை சுவரில் பொருத்தப்பட்ட, மீட்டருக்கு 300 நியூட்டன் சுருள்மாறிலி கொண்ட சுருள்வில்லின் மறுமுனையில் இணைக்கப்பட்டு உராய்வற்ற கிடைத்தளத்தில் 10 செ.மீ. வீச்சுடன் அலைவுறும் 3 கிலோகிராம் நிறையுள்ள கட்டை நடுநிலையைக் கடக்கும்போது அதன் மீது செங்குத்தாக விழுந்து ஒட்டிக்கொள்ளும் 1 கிலோகிராம் களிமண் உருண்டையினால் ஏற்படும் புதிய வீச்சைக் காண்க.” ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களாக வரக்கூடியதை ஒன்றாக்குவதைத் தமிழ் மரபு எனச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் இது மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் மரபு.

இவ்வாக்கியத்தில் கணக்கின் உயிரான நிகழ்ச்சி ‘ஒட்டிக்கொள்ளும்’ என்னும் பெயரெச்சத்துள் அடங்கிவிட்டது. செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் காலத்தைத் திட்டமாகக் காட்டாது, இயல்பையும் குறிக்கும். ஒட்டிக்கொள்ளும் களிமண் என்றால் ஒட்டும் தன்மையுள்ள களிமண் என்றும் படிக்கலாம். ஒட்டியது ஒரு கணத்தில் நேர்ந்த மோதல் என்னும் செய்தி களிமண்ணின் அடைமொழியாகச் சுருங்குகிறது. ‘கடக்கும்போது’ என்பதோ பெயரடைகளின் குவியலில் நடுவே சிக்கியிருக்கிறது. விடையோ முழுவதும் அச்சொல்லையே சார்ந்தது.

கணக்கைச் செய்து பார்த்தால் இது விளங்கும். நடுநிலையில் கட்டையின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். களிமண் செங்குத்தாக விழுவதால் கிடைத்திசையில் அது உந்தம் எதையும் கொண்டுவருவதில்லை. 3ஐ 1ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, ஒட்டியபின் வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர். கட்டையின் இயக்க ஆற்றல் 1.5 ஜூலிலிருந்து 1.125 ஜூலாகக் குறைகிறது. கால் பங்கு போய்விட்டது. புதிய வீச்சு 8.66 செ.மீ. இனி, களிமண் கட்டையின் மேல் விழுவது அலைவின் ஓர் எல்லையில் எனக் கொள்க. அங்கே கட்டை ஒரு கணம் நிற்கிறது. கிடைத்திசை உந்தம் சுழி. இழப்பதற்கு இயக்க ஆற்றலும் இல்லை. வீச்சு 10 செ.மீ. ஆகவே இருக்கும். அலைவுக் காலமோ களிமண் எங்கே விழுந்தாலும் ஒன்றே, 0.63 விநாடியிலிருந்து 0.73 விநாடியாகிறது. நிறை கூடியது மட்டுமே காலத்தை மாற்றியது. நிறை எப்போது கூடியது என்பது வீச்சை மாற்றியது. ‘கடக்கும்போது’ என்பதைக் கவனிக்காமல் ஆற்றல் மாறாது எனத் தொடங்கியவர் இரு நிலைகளுக்கும் 10 செ.மீ. என்றே விடை எழுதுவார். ஒன்றில் மதிப்பெண் பெறுவார், காரணம் அறியாமலே.

‘-உம்போது’ என்னும் ஈறும் ஆராயத்தக்கது. அது கால நீட்சியையும் கணத்தையும் ஒருங்கே குறிக்கும். மழை பெய்யும்போது என்பது ஒரு நீண்ட பொழுது. கடக்கும்போது என்பது கணக்கில் ஒரு புள்ளி. ‘கடக்கும் கணத்தில்’ என எழுதினால் ஐயம் நீங்கும். மேற்காட்டிய பனுவலை இவ்வாறு அமைக்கலாம்: “சுவரில் பொருத்திய சுருள்வில் ஒன்றின் மறுமுனையில் 3 கிலோகிராம் நிறையுள்ள கட்டை இணைக்கப்பட்டுள்ளது. சுருள்மாறிலி மீட்டருக்கு 300 நியூட்டன். கட்டை உராய்வற்ற கிடைத்தளத்தில் 10 செ.மீ. வீச்சுடன் அலைவுறுகிறது. அது நடுநிலையைக் கடக்கும் கணத்தில் 1 கிலோகிராம் களிமண் உருண்டை அதன் மேல் செங்குத்தாக விழுகிறது. விழுந்த உடனே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் வீச்சு எவ்வளவு?” சொற்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முன்போலவே இருக்கிறது. படிப்பவர் முதலில் சுருள்வில்லையும், பின்னர்க் கட்டையையும், அதன்பின் விழும் களிமண்ணையும் காண்கிறார். வரைபடம் வரையவேண்டிய வரிசையும் அதுவே.

5. அழிவின்மை

மேற்கண்ட இரு கணக்குகளிலும் மாணவரை ஆற்றலின் பக்கம் தள்ளியதில் ஒரு கலைச்சொல்லுக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நெடுநாள் வழங்கியது ‘ஆற்றல் அழிவின்மை விதி’. அதையொட்டி ‘உந்த அழிவின்மை விதி’. அழியாதது எப்போதும் இருக்கும் என்பது அச்சொல் தரும் எண்ணம். அழியாத ஆற்றல் கட்டையிலேயே இருக்க வேண்டும் என்று எண்ணுதல் அதற்கடுத்த படி. உந்தத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் இக்கட்டானது. அலைவுறும் கட்டையின் உந்தம் கணந்தோறும் மாறுகிறது, எல்லையில் சுழியாகிறது. அழியாத பொருள் அங்கே எங்கே போயிற்று? சுருள்வில்லும் சுவரும் அதனை மாற்றின என்பது விடை. ஆனால் ‘அழிவின்மை’ என்னும் சொல் சுவரைப் பற்றிக் கேட்கத் தூண்டுவதில்லை.

ஈழத்து வழக்கு ‘காப்பு’ என்கிறது: சக்திக் காப்பு, உந்தக் காப்பு. மலையாளம் ‘சம்ரக்ஷணம்’ என்பதும் அதே பொருள். காப்பு என்றவுடன் யார் காக்கிறார், எதனிடமிருந்து என்னும் கேள்வி எழுகிறது. அவ்வளவில் அது அழிவின்மையினும் மேல். ‘மாறா விதி’ என்னும் வழக்கு இவற்றினும் தெளிவானது. எனினும் அதுவும் நிபந்தனையைத் தன்னுள் கொள்ளவில்லை. குறை சொல்லில் இருப்பதைவிட, அதனைத் தழுவும் வேற்றுமைத் தொடர் விடுபடுவதில்தான் மிகுதி. ‘உந்தம் மாறாது’ என்று தமிழில் இயல்பாக எழுதிவிடலாம். எதன் உந்தம், எத்திசையில், எவ்வளவு காலத்துக்கு என்னும் மூன்றும் இல்லாமலே வாக்கியம் நிறைவு பெறும். களிமண் கணக்கில் மாறாதது கட்டையும் களிமண்ணும் சேர்ந்த தொகுதியின் கிடைத்திசை உந்தம், அதுவும் ஒட்டும் அக்கணத்தில் மட்டும். செங்குத்துத் திசை உந்தத்தைத் தளம் ஏற்றுக்கொண்டது. இம்மூன்று அடைகளையும் விதியின் பெயரில் ஏற்ற முடியாது. கணக்கின் வாக்கியத்தில் ஏற்றலாம்.

6. எந்தப் பனுவல் இறுதியானது?

2018 மே மாதம் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தேர்வைத் தமிழில் எழுதியோர் 24,000க்கும் மேற்பட்டோர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. மொத்த மதிப்பெண் 720. உச்சநீதிமன்றம் அதே திங்களில் இதற்குத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. மதிப்பெண்ணை இவ்வாறு மொத்தமாக வழங்கலாமா என்பது சட்டத்தின் பாற்பட்டது. மொழியியலாளர் கருதவேண்டியது வேறு. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. அவ்விதியின்படி தமிழ் வினாத்தாள் ஒரு பனுவலாகவே கொள்ளப்படவில்லை. ஆங்கிலப் பனுவலுக்கு இடப்பட்ட உரையாகவே கொள்ளப்பட்டது. தமிழ் மட்டும் அறிந்தவர் மூலத்தைப் பாராமல் உரையைக் கொண்டு தேர்வெழுதுகிறார். பிழை நேர்ந்தால் அவர் பார்த்திராத மூலம் அவருக்கு எதிராகச் சான்று கூறும்.

பொதுவெளியில் மிகுதியும் பேசப்பட்டவை சொற்பிழைகள். சீத்தா என ஒரு விலங்கின் பெயர் ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது பலரின் நகைப்புக்கு உள்ளாயிற்று. அத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க வினாத்தாளைப் படித்தாலே போதும். ‘ஒட்டிக்கொள்ளும் களிமண்’ போன்ற தொடரைக் கண்டுபிடிக்கப் படித்தால் போதாது. அதில் எழுத்துப்பிழையோ இலக்கணப்பிழையோ இல்லை. செம்மை பார்ப்பவர் ஆங்கில மூலத்தை முதலில் படித்துவிட்டுத் தமிழைப் பார்த்தால் தமிழின் இடைவெளிகளை மூலத்தின் நினைவால் நிரப்பிக்கொள்வார்.

கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாள்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வருகின்றன. மாநிலத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழ்வழிப் பாடநூல்களும் உள்ளன. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளைப் போன்ற எல்லைப்புறங்களில் இரு மொழிகளிலும் கணக்கைப் படிக்கக்கூடியோர் பலர். மொழிபெயர்த்த கணக்கை மூலத்தைக் காட்டாமல் அத்தகைய ஆசிரியர் ஒருவரிடம் தந்து, படிக்கச் சொல்லாமல் செய்யச் சொல்லலாம். களிமண் கணக்கின் முதல் வடிவத்துக்கு அவர் 10 செ.மீ. என விடை தந்தால், திருத்த வேண்டியது அவருடைய இயற்பியலையா வாக்கியத்தையா என்பதை இரண்டாம் வடிவத்தைத் தந்து அறிந்துகொள்ளலாம். இதற்கு ஒரு வினாவுக்குப் பத்து நிமிடம் போதும்.